மூன்றாவது கேள்வியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்

மாசசூசெட்ஸில் ஓட்டுரிமை உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம்.

இந்த வருஷம் தீபாவளியும் தேர்தலும் ஒரே நாளில் வருகின்றன. நவம்பர் 6, செவ்வாய்க்கிழமை. விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி, லேகியத்தை விழுங்கிவிட்டு வேலைக்குக் கிளம்புவீர்கள். அந்த அவசரத்திலும் போகிற வழியில் ஓட்டுச்சாவடிக்குள் ஒரு எட்டு நுழைவீர்கள் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். ஓட்டுச்சீட்டில் இந்த முறை வேட்பாளர்களோடு மூன்று கேள்விகளும் இருக்கின்றன, ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று மக்களே முடிவு செய்ய வேண்டியவை. அவற்றில் மூன்றாவது, திருநர்களுக்கு, அதாவது திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும், பொது இடங்களில் பாதுகாப்புத் தரும் சட்டம் நீடிக்கட்டுமா என்பது.

எங்கள் வீட்டில் நான்கு பேர். ஓட்டு ஒன்றுகூட இல்லை. நானும் என் கணவரும் 2001-இல் இங்கே வந்தோம். நடுவில் நான்கு வருஷம் சென்னையில் இருந்துவிட்டு 2009-இல் திரும்பி வந்தோம். கிரீன் கார்டு வரிசையில் இன்னும் நிற்கிறோம். அந்த வரிசை உங்களில் பலருக்கும் தெரிந்ததுதான். பிள்ளைகள் இரண்டு பேரும் இங்கே பிறந்தவர்கள், இந்த நாட்டுக் குடிமக்கள். பெரியவளுக்கு 16 வயது, சின்னவளுக்கு 8. பெரியவளின் அன்றாட வாழ்க்கையைப் பற்றித்தான் அன்றைக்கு இந்த மாநிலமே ஓட்டுப் போடப்போகிறது. அவளுக்கு ஓட்டு இல்லை. அவளைப் பெற்றவர்களுக்கும் இல்லை. உங்களுக்கு இருக்கிறது.

என் பெரிய மகள் திருநங்கை. இதை ஒளிக்காமல் எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். “பேர் போடாதம்மா, மத்ததெல்லாம் எழுது” என்றாள்.

சில வாரங்களாக நம் வாட்ஸ்அப் குழுக்களில் தேர்தல் பேச்சுதான் ஓடுகிறது. முதல் கேள்வி, ஒரு நர்ஸ் ஒரே நேரத்தில் எத்தனை நோயாளிகளைக் கவனிக்கலாம் என்பது. ஆஸ்பத்திரிகளில் வேலை செய்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர் என்பதால் அதற்கு நள்ளிரவு வரை வாதம் நடக்கிறது. இரண்டாவது கேள்வி தேர்தலில் புழங்கும் பணத்தைப் பற்றியது. செனட்டர் பதவிக்கு நிற்பவர்களில் ஒரு தமிழ்ப் பெயரும் இருப்பதால் அந்தப் பேச்சுக்கும் குறைவில்லை. மூன்றாவது கேள்விக்கு மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. போன வாரம் யாரோ ஒருவர் “பாத்ரூம் சட்டமாமே?” என்று போட்டிருந்தார். கீழே ஒரு சிரிக்கும் முகம் விழுந்தது. அதோடு பேச்சு பொங்கலுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பதற்குப் போய்விட்டது.

அதனால் அந்தச் சட்டம் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

2011-இல் ஆளுநராக இருந்த டெவல் பேட்ரிக் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். திருநர்களுக்கு வேலை, வாடகை வீடு, படிப்பு, கடன் ஆகியவற்றில் பாகுபாடு காட்டக் கூடாது என்றது அது. பொது இடங்களைப் பற்றிய பகுதியை மட்டும் அப்போது விட்டுவிட்டார்கள். அதாவது, ஒரு திருநங்கைக்கு வேலை தர மறுக்க முடியாது. அவர் வேலைக்குப் போகிற வழியில் காபி குடிக்க நுழைந்தால் கடைக்காரர் வெளியே போகச் சொல்லலாம். இந்த ஓட்டையை அடைக்க ஐந்து வருஷம் பிடித்தது. 2016 ஜூலையில் குடியரசுக் கட்சி ஆளுநர் சார்லி பேக்கர் புதிய சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அக்டோபர் 1 முதல் அது அமலுக்கு வந்தது. ஹோட்டல், கடை, ஆஸ்பத்திரி, பஸ், ரயில், பூங்கா, சினிமா தியேட்டர் என்று பொதுமக்கள் வந்துபோகிற எந்த இடத்திலும் ஒருவரைத் திருநர் என்பதற்காக ஒதுக்கக் கூடாது. கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் அவரவர் பாலின அடையாளத்தின்படி. மீறினால் பாகுபாட்டை விசாரிக்கும் மாநில ஆணையத்திடம் புகார் கொடுக்கலாம். சட்டம் அவ்வளவுதான்.

இதை எடுத்துவிட வேண்டும் என்று ஒரு தரப்பினர் கையெழுத்து திரட்டினார்கள். தேவையான எண்ணிக்கை சேர்ந்துவிட்டது. அப்படித்தான் கேள்வி ஓட்டுச்சீட்டுக்கு வந்தது. திருநர்களின் பாதுகாப்பை ஒரு மாநிலம் முழுவதும் ஓட்டுக்கு விடுவது இந்த நாட்டில் இதுதான் முதல்முறை.

2016 ஆகஸ்டில் நடந்ததைச் சொல்கிறேன். சட்டத்தில் கையெழுத்து விழுந்துவிட்டது, அமலுக்கு வர இன்னும் சில வாரங்கள் இருந்தன. அவளுக்கு அப்போது 14. முடி தோள்வரை வளர்ந்திருந்தது, குரல் உடைய ஆரம்பித்திருந்தது. குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் ஒரு உணவகத்தில் நிறுத்தினோம். எந்த இடம் என்பது வேண்டாம். சின்னவள் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றதும் பெரியவள்தான் கைபிடித்துக் கூட்டிப்போனாள். போன வேகத்தில் இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். பின்னாலேயே அங்கே மேலாளராக இருந்தவர் வந்தார். அவர் சத்தம் போடவில்லை. என் பக்கம் குனிந்து, இது குடும்பங்கள் வருகிற இடம், மீதிச் சாப்பாட்டைக் கட்டித் தரச் சொல்லட்டுமா என்று மெதுவாகக் கேட்டார்.

ஒரு மேஜையில் அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறோம். இதற்கு வேறு என்ன பெயர்?

பெரியவள் சுட்ட சோளக்கதிரில் இரண்டு வரிசை மட்டும் கடித்திருந்தாள். அதைத் தட்டில் நேராக வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். ஒன்றும் பேசாமல் காரில் போய் உட்கார்ந்துகொண்டாள். வீடு வந்து சேர ஒன்றரை மணி நேரம். “ஒன்னுக்கு வருது” என்று சின்னவள் அழுதுகொண்டே வந்தாள். பெரியவள் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் என் கணவர் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டார். அக்டோபர் வரைக்கும் இதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்றார் அவர்.

அதற்கு அப்புறம்தான் தண்ணீர் பாட்டிலைக் கவனித்தேன். வெளியே கிளம்பும்போது நான் நிரப்பிக் கொடுக்கிற எவர்சில்வர் பாட்டில் சாயங்காலம் அதே கனத்தோடு திரும்பி வந்தது. கடைத்தெருவுக்குப் போனாலும், நூலகத்துக்குப் போனாலும், கோடையில் பாஸ்டனுக்கு ரயிலேறிப் போனாலும் இதே கதைதான். குடித்தால் கழிப்பறை தேட வேண்டும், தேடினால் யாராவது தடுப்பார்கள். அதற்கு நாக்கு வறண்டு கிடப்பதே மேல் என்று என் பிள்ளை தானாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அந்த வருஷம் சிறுநீர்த் தொற்று வந்து ஐந்து நாள் காய்ச்சலில் கிடந்தாள். டாக்டர் சொன்ன மருந்து, நிறையத் தண்ணீர் குடி என்பது.

சட்டம் வந்தவுடன் எல்லாருடைய மனசும் மாறிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. யாராவது போ என்று சொன்னால் தட்டிக்கேட்க ஒரு இடம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. கடைக்காரர்களுக்கும் தெரிந்தது. 2017 கோடையில் ஒருநாள் பாட்டிலைக் கழுவ எடுத்தேன், கை லேசாக மேலே போனது. காலி. தொட்டியின் முன்னால் குழாயைத் திறக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

நவம்பர் 6 அன்று ‘இல்லை’ ஜெயித்து அந்தச் சட்டம் போய்விட்டால் அந்தப் பாட்டில் மறுபடி கனக்கும்.

பெண் பிள்ளைகளைப் பெற்ற அம்மாக்கள் சிலர் என்னிடம் தனியாகப் பேசினார்கள். இந்தச் சட்டத்தைச் சாக்காக வைத்து ஆண்கள் பெண்கள் கழிப்பறைக்குள் நுழைந்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது என்றார்கள். எதிர்த்தரப்பின் தொலைக்காட்சி விளம்பரத்தைப் பார்த்தால் பயம் வரத்தான் செய்யும். அதற்காகத்தான் அப்படி எடுத்திருக்கிறார்கள். எனக்கும் எட்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளைத் தனியாகக் கழிப்பறைக்கு அனுப்பும்போது நானும் வாசலில் நிற்கிறவள்தான். அதனால் இந்தப் பயத்தைச் சாதாரணமாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் நடந்தது என்ன என்றும் பார்க்க வேண்டும். கேம்பிரிட்ஜ் நகரத்தில் இந்தப் பாதுகாப்பு 1997 முதல் இருக்கிறது, பாஸ்டனில் 2002 முதல். மாநிலம் முழுவதும் வந்தே இரண்டு வருஷம் ஆகிவிட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வில்லியம்ஸ் ஆய்வு மையம், நம் மாநிலத்திலேயே இப்படிச் சட்டம் இருந்த ஊர்களையும் இல்லாத ஊர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காவல்துறைப் பதிவுகளைப் பார்த்தது. சட்டத்தால் கழிப்பறைகளிலும் உடை மாற்றும் அறைகளிலும் குற்றம் கூடவில்லை என்று போன மாதம் முடிவு வெளியிட்டது. ஒருவரைத் தொந்தரவு செய்வதும் ஒளிந்து பார்ப்பதும் நேற்றும் குற்றம், இன்றும் குற்றம். கெட்ட நோக்கத்தோடு பாலின அடையாளத்தைச் சாக்காகச் சொல்கிறவர்கள் மேல் எப்படி நடவடிக்கை எடுப்பது என்று வழிமுறை வகுக்கும்படி 2016 சட்டத்துக்குள்ளேயே எழுதியிருக்கிறது. மாநிலத்தின் காவல்துறைத் தலைவர்கள் சங்கம் இந்தச் சட்டத்தை ஆதரிக்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களோடு தினமும் வேலை செய்கிற ஜேன் டோ அமைப்பும் ஆதரிக்கிறது. பெண்களுக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

ஆபத்தில் இருப்பது யார் என்பதற்கு பாஸ்டனிலேயே ஒரு பெயர் இருக்கிறது. ரீட்டா ஹெஸ்டர் என்ற கறுப்பினத் திருநங்கை 1998 நவம்பரில் ஆல்ஸ்டனில் தன் வீட்டிலேயே குத்திக் கொல்லப்பட்டார். அடுத்த மாதம் இருபது வருஷம் ஆகிறது. உலகம் முழுவதும் நவம்பர் 20 அன்று திருநர் நினைவு நாளாக மெழுகுவத்தி ஏற்றுகிறார்களே, அது அவருடைய சாவிலிருந்து தொடங்கியது. என் மகள் அந்தப் பெயரைச் சொல்லும்போது குரல் தாழ்கிறது.

இன்னொரு விஷயம், இது நம்முடைய சட்டமும்தான். அமெரிக்காவில் முதன்முதலாக, சத்திரத்திலும் பயண வண்டியிலும் கேளிக்கை இடங்களிலும் நிறம் பார்த்து ஆளை ஒதுக்கக் கூடாது என்று சட்டம் போட்டது மாசசூசெட்ஸ். 1865-இல், உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு. அந்தப் பட்டியல் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. மதம், பிறந்த நாடு, பால், மாற்றுத்திறன் எல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. நாம் மாநிறத் தோலோடும், நெற்றியில் திருநீறோடும், ‘வ’வும் ‘ழ’வும் கலந்த ஆங்கிலத்தோடும் எந்தக் கடைக்குள்ளும் தலை நிமிர்ந்து நுழைவது அந்தப் பட்டியலின் பலத்தில். என் மகள் அதில் கடைசியாகச் சேர்ந்தவள். பட்டியலில் முன்னால் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்த்து, நீ போ என்று சொல்வது நியாயமா? தேநீர்க் கடையில் தனிக்குவளை வைத்த ஊரிலிருந்து வந்தவர்கள் நாம். கடை, உணவகம், கிணறு, குளம், படித்துறை எதிலும் யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்திலேயே எழுத வேண்டி வந்த நாடு நம்முடையது. பொது இடத்தில் கதவைச் சாத்துவது என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஹூஸ்டனில் நம்மவர்கள் நிறைய இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். அங்கே 2014-இல் நகர மன்றம் ஒரு சமவுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. அதில் திருநர்கள் மட்டும் இல்லை. இனம், நிறம், மதம், வயது, கர்ப்பம், ராணுவத்தில் இருந்தவர்கள் என்று பதினைந்து வகைப் பாதுகாப்பு இருந்தது. 2015 நவம்பரில் அது ஓட்டுக்கு வந்தபோது எதிர்த்தரப்பு கழிப்பறை என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டது. 61 சதவீதம் பேர் எதிராகப் போட, பதினைந்தும் போயின. இந்த ஏப்ரலில் அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரத்தில் அதே சொல்லை வைத்துத் திரும்பவும் முயன்றார்கள். அங்கே மக்கள் மசியவில்லை, பாதுகாப்பு தப்பித்தது. அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் உட்கார்ந்து பேசினால் ஜெயிக்க முடியும் என்ற நம்பிக்கை எனக்கு அங்கிருந்து வந்தது.

“நம் ஊர்ப் பழக்கத்துக்கு இதெல்லாம் ஒத்துவருமா?” என்று ஒரு பெரியவர் கேட்டார். ஐயா, திருநங்கை என்று இவ்வளவு மரியாதையான ஒரு சொல் நம் மொழியில் இருக்கிறது. 2008-இல் தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கு நலவாரியம் வந்தபோது நான் சென்னையில் இருந்தேன், பேப்பரில் படித்தேன். 2014 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் அவரவர் பாலினத்தை அவரவரே சொல்லும் உரிமையை ஏற்றுக்கொண்டது. பிரித்திகா யாஷினி என்ற திருநங்கை நீதிமன்றப் படியேறிப் போராடி போலீஸ் எஸ்.ஐ. ஆகிவிட்டார். இந்த ஜூனில்தான் சத்யஸ்ரீ சர்மிளா என்ற திருநங்கை வழக்கறிஞராகப் பதிவு செய்தார். அந்தப் படத்தை என் மகள் தன் மேஜைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறாள்.

ஆனால் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். சென்னையில் இருந்த அந்த நான்கு வருஷமும் மின்சார ரயிலில் கைதட்டும் சத்தம் கேட்டால் பையைத் திறந்து பத்து ரூபாயை எடுத்து வைத்துக்கொள்வேன். தலையில் கை வைத்து வாழ்த்துவார்கள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன். இவர்களையும் ஒரு அம்மா பெற்றிருப்பாள், ஏதோ ஒரு வீட்டு வாசலில் இருந்து அனுப்பியிருப்பாள் என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை. என் மடியில் அப்போது மூன்று, நான்கு வயதுக் குழந்தையாக அவள் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் எனக்குப் பெரிய சிரமம் கொடுத்தது தமிழ்தான். ஆங்கிலத்தில் ஒன்றிரண்டு சொல்லை மாற்றினால் முடிந்தது. தமிழில் வந்தான், தூங்கிட்டான், சாப்பிட்டானா என்று ஒவ்வொரு பேச்சின் வாலிலும் ஆணோ பெண்ணோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. பதினான்கு வருஷப் பழக்கம், நாக்கு தடுக்கும். தடுக்கும்போதெல்லாம் அவள் முகம் வாடும். கும்பகோணத்தில் இருக்கும் என் அம்மாவிடம் சொல்ல ஆறு மாதம் பயந்தேன். சொன்ன அன்றைக்குப் போனில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் அம்மா, “குழந்தை சாப்பிட்டுச்சா?” என்றார். அன்று முதல் குழந்தை தூங்கிடுச்சா, குழந்தைக்குப் பரீட்சை முடிஞ்சுதா என்றே கேட்டு வந்தார். அவனும் வேண்டாம், அவளும் வேண்டாம். தனக்குப் பழகும் வரைக்கும் நிற்க அம்மாவே ஒரு இடம் கண்டுபிடித்துக்கொண்டார். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படி ஓடியது. இந்தப் பொங்கலன்று போனை எடுத்ததும், “என் பேத்திகிட்ட குடு” என்றார். அம்மாவுக்கு 78 வயது. எதற்கும் கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்று உங்களிடம் கேட்கிறவள்தான் நானும். ஆனால் ஓட்டுக்கு நேரம் இல்லை. இன்னும் பன்னிரண்டு நாள்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை வாஷிங்டனிலிருந்து ஒரு செய்தி வந்தது. பிறப்பில் எழுதிய பாலினம்தான் கடைசிவரை என்று மத்திய அரசு வரையறுக்க யோசிக்கிறதாம். அவள் காலையில் போனில் அதைப் படித்துவிட்டு மாடியிலிருந்து இறங்கி வந்து, “நம்ம ஸ்டேட்ல சட்டம் இருக்குல்லம்மா?” என்று கேட்டாள். இருக்கு என்றேன்.

சரி, செய்ய வேண்டியது இதுதான். முன்கூட்டி ஓட்டுப் போடுவது நவம்பர் 2 வரை நடக்கிறது. அன்றைக்கே போடுகிறவர்களுக்குச் சாவடிகள் காலை 7 மணியிலிருந்து இரவு 8 மணி வரை திறந்திருக்கும். ஆளுநர், செனட்டர் எல்லாம் முடிந்ததும் பேனாவை வைத்துவிடாதீர்கள். கேள்விகள் அதற்குப் பின்னால் இருக்கும், சீட்டைத் திருப்பிப் பாருங்கள். சட்டத்தை எடுக்கச் சொன்னவர்கள்தான் கேள்வியைக் கொண்டுவந்தார்கள் என்பதால் பலர் குழம்பி எதிர்ப்பதாக நினைத்து ‘இல்லை’ போட்டுவிடுகிறார்கள். மூன்றாவது கேள்வியில் ‘ஆம்’ என்றால் பாதுகாப்பு இருக்கட்டும் என்று பொருள். ‘இல்லை’ என்றால் போய்விடும். குடியுரிமை வாங்கிய உங்கள் அப்பா அம்மாவுக்கும் இதைத் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் யாராவது சிரிக்கும் முகம் போட்டால் கீழே ஒரு வரி எழுதுங்கள். எழுத என்ன இருக்கிறது என்று தோன்றினால் எங்கள் வீட்டுப் பாட்டிலைப் பற்றி எழுதுங்கள்.

தீபாவளிக்கு என் அம்மாவிடமிருந்து பார்சல் வந்துவிட்டது. எப்போதும் ஒரு சட்டையும் ஒரு பாவாடையும் இருக்கும். இந்த முறை பிரித்தால் சின்னவளுக்கு மாம்பழ மஞ்சளில் பட்டுப்பாவாடை, பெரியவளுக்கு அரக்கு நிறத்தில் பாவாடை தாவணி. அளவு சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பார்க்கச் சொன்னேன். அன்னைக்குத்தான் போடுவேன் என்று மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் பள்ளி இருந்தாலும் முடிவு வரும்வரை தாவணியோடு உட்கார்ந்திருப்பாளாம்.

அன்புடன்,
மிடில்செக்ஸ் பக்கத்திலிருந்து ஒரு அம்மா
2018 அக்டோபர் 25